கார்பன் தாளில் இருபத்தைந்து வருடம்

என்னிடம் பதினாறு கொட்டேஷன் புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூறு சீட்டு. மேல் தாளைக் கிழித்து வாங்க வந்தவரிடம் கொடுத்துவிடுவேன். கார்பன் வைத்த அடித்தாள் என்னோடு தங்கிவிடும். முதல் புத்தகத்தின் முதல் சீட்டில் தேதி 1999 நவம்பர். நீல மை வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. செலரான் 400, இன்டெல் 810 போர்டு, 32 எம்பி ரேம், 4.3 ஜிபி ஹார்டு டிஸ்க், பிளாப்பி டிரைவ், 14 அங்குல சாம்ட்ரான் மானிட்டர், டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, மவுஸ், கேபினெட். மொத்தம் 31,500 ரூபாய்.

கடைசி வரியைப் பாருங்கள். 'கேபினெட்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதற்குள்ளே இருந்து மற்றப் பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி இல்லை. பெட்டியோடு சும்மா வருகிற சாமான் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தோம். கேம் ஆடுவதற்குக் குறைந்த பணத்தில் கம்ப்யூட்டர் கேட்பவர்களுக்கு நான் எழுதிய சீட்டுகளை வரிசையாகப் புரட்டினால், இந்த ஒரு வரி எப்படி அடியிலிருந்து மேலே ஏறி வந்தது என்று தெரியும். எங்கள் ஊரான புதுச்சேரியில் இந்தத் தொழில் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதும் அதே தாள்களில் இருக்கிறது.

அந்தச் சீட்டை எழுதியபோது எனக்கு வயது 22. பகலில் சேதராப்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மாலையில் மிஷன் வீதிக்கு ஒரு சந்து தள்ளி, நண்பனின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மேசை. வாங்கியவர் ரோடியர் மில்லில் அப்பாவோடு வேலை பார்த்தவர். பையன் படிப்புக்கு என்று சொல்லி, மில் சொசைட்டியில் கடன் போட்டு வாங்கினார். பையன் 'ரோட் ரேஷ்' ஆடுவதற்காகக் காத்திருந்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி என்றால் கடற்கரை, ஆசிரமம், பிரெஞ்சு வீடு என்பார்கள். நாட்டின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பல இங்கேதான் கம்ப்யூட்டர் செய்தன என்று சொன்னால் வியப்பார்கள். ஹெச்சிஎல் ஆலை சேதராப்பட்டில் இருந்தது. விப்ரோ தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருந்தது. ஏசர் வந்தது. ஐபிஎம்மின் கணினிப் பிரிவை 2005இல் லெனோவோ வாங்கிய பிறகு, லெனோவோ என்ற பெயர்ப்பலகையும் எங்கள் ஊரில் ஏறியது. இதற்கெல்லாம் முன்பே, 1980களில், ஊருக்கு வடக்கே ஆரோவில்லில் ஆரெலெக் என்ற நிறுவனம் கம்ப்யூட்டர் தயாரித்தது. குயிலாப்பாளையம் பக்கத்து இளைஞர்கள் பலருக்குச் சால்டரிங் இரும்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த இடம் அது. என் முதல் குருநாதர் அங்கிருந்து வந்தவர்தான். சால்டரிங் செய்யும்போது ஈயம் பளபளவென்று உட்கார வேண்டும், மங்கலாக உட்கார்ந்தால் அது வேலையே இல்லை என்பார்.

ஏன் புதுச்சேரி? வரிதான் காரணம். தொழிலில் பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்று அன்றைய வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் புதுச்சேரியும் இருந்தது. 1993 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே தொடங்கிய ஆலைக்கு முதல் ஐந்து வருட லாபத்துக்கு முழு வரிவிலக்கு கிடைத்தது. இதனோடு விற்பனை வரிச் சலுகைகளும் சேர்ந்தன. சென்னைத் துறைமுகம் 150 கிலோமீட்டர் தூரத்தில். தைவானிலிருந்து பாகங்கள் கப்பலில் வந்து இறங்கும், லாரியில் சேதராப்பட்டுக்கு வரும், முழு கம்ப்யூட்டராக வெளியே போகும்.

ஆலைக்குள் நான் செய்த வேலை சின்னது. கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு, நகர்ந்து வரும் கேபினெட்டில் போர்டை வைத்து ஆறு ஸ்குரூ போடுவது. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதே ஆறு ஸ்குரூ. முடிந்த பெட்டிகள் எல்லாம் சூடான ஓர் அறைக்குள் அடுக்கு அடுக்காக ஏறும். பர்ன்-இன் அறை என்பார்கள். பல மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நின்றுவிட்ட பெட்டி எது என்று பார்ப்பது, இரவு ஷிஃப்ட் விழும் நாள்களில் என் பொறுப்பு. திறந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்று காரணம்தான்: ரேம் சரியாக உட்காரவில்லை, ஃபேன் சுற்றவில்லை, எஸ்எம்பிஎஸ் படுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் எது முதலில் சாகும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்த அறையின் வெப்பத்தில் நின்று கற்றேன்.

அங்கே செய்த பெட்டியை எங்களால் வாங்க முடியவில்லை. விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்தால் சென்னைக்குப் பஸ் ஏறுவோம். அப்போது கோயம்பேடு இல்லை. பாரிமுனையில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து மவுண்ட் ரோடு போய், ரிச்சி தெருவுக்குள் நுழைய வேண்டும்.

ரிச்சி தெரு என்று சொன்னாலும் அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்த வலை. ரேடியோ வால்வும் டிரான்சிஸ்டரும் விற்ற கடைகள் டிவி உதிரிபாகத்துக்கு மாறி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறிய இடம். கீழ்த்தளத்தில் சில்லறை, மாடியில் ஹோல்சேல். மாடிப்படி அகலம் ஒரு ஆள் அளவு; மானிட்டர் பெட்டியோடு ஒருவர் இறங்கினால் மேலே போகிறவர் திரும்பி இறங்கித்தான் வழிவிட வேண்டும். ஹோல்சேல் கடைகளில் காலையில் ஒரு ரேட் லிஸ்ட் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள். டாலர் ஏறினால் மதியம் அதைப் பேனாவால் அடித்துத் திருத்துவார்கள். 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம் வந்த வாரம், ரேம் விலை அந்த லிஸ்டில் ஒரே நாளில் இரண்டு முறை திருத்தப்பட்டதைப் பார்த்தேன். எங்கோ பூமி நடுங்கினால் மிஷன் வீதிச் சந்தில் விலை மாறும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வாங்கிய போர்டை மடியில் வைத்துக்கொண்டு கடலோரச் சாலையான ஈசிஆர் வழியாகத் திரும்புவோம். ஜன்னல் சீட்டில் உட்காராதே, உப்புக்காற்று என்று குருநாதர் சொல்லியிருந்தார். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் போர்டை அந்தக் காற்று என்ன செய்துவிடும்? ஆனாலும் இன்று வரை நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

இனி அந்த முதல் சீட்டின் கதை. 'ரோட் ரேஷ்' பையன் இரண்டு வருடம் கழித்து வந்தான். கோடை விடுமுறையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சேர்த்த பணம் கையில் இருந்தது. ஜீஃபோர்ஸ் 2 கார்டு போட வேண்டும் என்றான். கேபினெட்டைத் திறந்தேன். போர்டில் ஏஜிபி ஸ்லாட் இல்லை. 810 சிப்செட்டில் கிராபிக்ஸ் போர்டோடு சேர்ந்தே வரும். தனிக் கார்டு செருக ஏஜிபி இடம் வைக்கவில்லை. நான்தான் எழுதிக்கொடுத்தேன். சில நூறு ரூபாய் குறைகிறதே என்று எழுதினேன். ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. "பரவாயில்லைண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு போர்டின் பெயரில் கடைசியில் வரும் எழுத்தைப் படிக்கத் தொடங்கினேன். 845ஜி என்றால் ஏஜிபி உண்டு. 845ஜிஎல் என்றால் இல்லை. 865ஜி என்றால் உண்டு. 865ஜிவி என்றால் இல்லை. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்து, அந்தப் பெட்டி இரண்டு வருடம் கழித்தும் வளருமா, அன்றைக்கு இருந்தபடியே நின்றுவிடுமா என்பதைத் தீர்மானித்துவிடும். பணமுள்ளவர்களுக்கு இந்த எழுத்துகளால் ஒன்றும் ஆகாது. வேண்டாததை விற்றுவிட்டு வேறு வாங்குவார்கள். கடன் வாங்கி ஒரே தடவை வாங்குகிறவரைத்தான் சின்ன எழுத்து கவிழ்க்கும். அவருக்காக அதைப் படித்துச் சொல்வதுதான் என் தொழில் என்று நான் முடிவுசெய்தது அப்போதுதான்.

முடிவுசெய்தும் ஒரு முறை தவறினேன். 2003இல் ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440 கார்டு எங்கும் நன்றாக விற்றது. நாலாயிரத்துச் சொச்சம். 'வைஸ் சிட்டி' கேம் அதில் அழகாக ஓடியது. எங்கள் சந்தில் மட்டும் ஏழெட்டுக் கார்டு போட்டிருப்பேன். அந்த வருடக் கடைசியில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி சிடியோடு வந்து நின்றான். "அண்ணா, தொறக்கவே மாட்டேங்குது." போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. காரணம் தெரிய ஒரு வாரம் ஆனது. அந்த கேமுக்குப் பிக்சல் ஷேடர் என்ற வசதி வேண்டும். 2001இல் வந்த ஜீஃபோர்ஸ் 3இல் அது உண்டு. எண்ணில் பெரியதான 4 எம்எக்ஸில் இல்லை. அது உள்ளே பழைய ஜீஃபோர்ஸ் 2 பரம்பரை. 4க்குப் பக்கத்தில் 'எம்எக்ஸ்' என்று இருந்த இரண்டு எழுத்தில் எல்லாம் இருந்தது. அந்தத் தம்பிக்குக் கார்டை வாங்கிய விலைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தேன். அன்றைக்கு என் ஒரு மாத லாபம் அதில் போனது.

எங்கள் ஊருக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே பல. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இன்றும் சொல்தா என்போம். என் பெரியப்பா ஒரு சொல்தா. அவர் பிள்ளைகள் பாரிஸ் பக்கத்தில். ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் விடுமுறைக்கு வரும்போது, சாக்லெட்டோடும் சென்ட்டோடும் பழைய கிராபிக்ஸ் கார்டு, ரேம், லேப்டாப் எல்லாம் சூட்கேசில் வரும். அங்கே மூலையில் கிடக்கும் கார்டு இங்கே ஒரு பையனின் கனவுக் கார்டு. எத்தனையோ குறைந்த செலவுப் பெட்டிகளுக்கு அந்தச் சூட்கேஸ்கள் உயிர் கொடுத்தன.

அந்தச் சூட்கேஸ்களில் வரும் கீபோர்டுகளில் எழுத்து இடம் மாறியிருக்கும். முதல் வரிசை கியூ டபிள்யூ என்று தொடங்காது. ஏ இசட் என்று தொடங்கும். கேம் ஆட நாம் டபிள்யூ, ஏ, எஸ், டி என்று விரல் வைக்கும் அதே நான்கு இடத்தில் அங்கே இசட், கியூ, எஸ், டி என்று அச்சடித்திருக்கும். பிரெஞ்சுப் பள்ளியான லிசே பிரான்சேயில் படித்த பிள்ளைகளுக்கு அதுவே கை. பாரதி வீதிப் பக்கம் ஒரு கேமிங் சென்டரில் இரண்டு வகைக் கீபோர்டும் போட்டிருந்தோம். 'கவுண்டர் ஸ்டிரைக்' ஆட வருகிற பையன் எந்த நாற்காலியை நோக்கி ஓடுகிறான் என்பதை வைத்தே எந்தப் பள்ளி என்று சொல்லிவிடலாம்.

டிவிஎஸ் கோல்டு கீபோர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டக் டக் என்று தட்டும் மெக்கானிக்கல் கீபோர்டு வேண்டும் என்று இன்றைய கேமர்கள் பல ஆயிரம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் டிடிபி சென்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்கள். முதல் சீட்டில் உள்ள அந்தக் கீபோர்டு இப்போதும் வேலை செய்கிறது. அதை வாங்கிய, அப்பாவின் மில் நண்பரின் பேத்தி அதில் தட்டச்சு பழகினாள்.

2003 முதல் நாலைந்து வருடம் எங்களுக்குக் கப்பாசிட்டர் காலம். உலகம் முழுக்க அந்தக் காலத்து போர்டுகளில் மோசமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கப்பாசிட்டர்கள் உப்பின. பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அது பூரி மாதிரி எழும்பி, சில நேரம் பழுப்பு நிறத்தில் கசியும். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். வாடிக்கையாளர் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்யச் சொல்வார். கேபினெட் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, கப்பாசிட்டர் தலையில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பேன். உப்பியிருந்தால் விரலுக்குத் தெரியும். கழற்றி, அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், 105 டிகிரி என்று எழுதியதாகப் பார்த்து மாற்றினால் போர்டு பிழைத்துவிடும். ஆரெலெக் குருநாதரின் பளபளக்கும் ஈயம் அந்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குப் புது போர்டுச் செலவை மிச்சப்படுத்தியது.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரப் பகுதி என்றால் இதோடு உப்பும் சேரும். ஒரு வருடத்தில் ஸ்குரூ துருப்பிடிக்கும். ரேமின் மஞ்சள் பற்கள் மங்கும். பவர் போட்டால் டிஸ்ப்ளே வராது, 'பீப் பீப்' என்று கத்தும். ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைத் துடைத்து மாட்டினால் வந்துவிடும். இதற்குப் பணம் வாங்குவதில்லை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். என் கொட்டேஷன் புத்தகத்தையே திருப்பிப்போட்ட சாமான்.

2008இல் ஒரு கல்லூரி மாணவனுக்குப் பெட்டி செய்தேன். ஜீஃபோர்ஸ் 9600 ஜிடி கார்டு. அந்தப் பணத்துக்கு அப்போது அதைவிட நல்ல கார்டு கிடையாது. பணம் இழுத்துப்பிடித்து வந்ததால், கேபினெட்டோடு சேர்ந்து வந்த '450 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் இரவு பத்து மணிக்குப் போன். போனேன். அறை முழுக்க மீன் கருகினாற்போல ஒரு நாற்றம். எஸ்எம்பிஎஸ் வெடித்து, போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கார்டு தப்பியது.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டி அளவு. மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் வடிகட்டும் காயில் இருக்க வேண்டிய குழிகள் காலியாக இருந்தன. அதற்குப் பதில் இரண்டு கம்பித் துண்டு. வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். 450 என்று பெரிதாக. கீழே சின்னக் கட்டத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்ப். பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் உறிஞ்சுவது அந்த 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். 450 என்று விற்ற பெட்டி, கேமுக்கு வேண்டிய இடத்தில் தன் ஸ்டிக்கர் கணக்குப்படியே 168 வாட்தான். மீண்டும் ஒரு சின்ன எழுத்து. இந்த முறை என் தவறு ஒரு பையனின் போர்டைக் கொன்றது.

அடுத்த சீட்டிலிருந்து முதல் வரியில் எஸ்எம்பிஎஸ் எழுதத் தொடங்கினேன். இன்று வரை அப்படித்தான். கடைக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு மூன்று காரியம் சொல்லித்தருவேன். கையில் எடுத்துப் பார். கனமாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தை மட்டும் பார்த்துப் பெருக்கு. மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா பார். பழைய எஸ்எம்பிஎஸ் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலேயே வழி உண்டு: போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பெரிய பிளக்கில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பவர் போட்டால் ஃபேன் சுற்றும். சுற்றாவிட்டால் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். சுற்றினால் நல்லது என்று அர்த்தமில்லை. உயிர் இருக்கிறது என்பது மட்டும்தான்.

இதற்கிடையில் சேதராப்பட்டு மாறிக்கொண்டிருந்தது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தது. அதன்படி இறக்குமதிக் கம்ப்யூட்டர்களுக்குச் சுங்கம் படிப்படியாகக் குறைந்து 2005இல் சூனியமானது. வெளிநாட்டில் செய்து கொண்டுவருவதற்கும் இங்கே மாட்டுவதற்கும் செலவில் இருந்த இடைவெளி சுருங்கியது. ஐந்து வருட வரிவிலக்குகளும் முடிந்துகொண்டே வந்தன. மலையோரம் உத்தராகண்டில் புதிய சலுகைகள் வந்தபோது கம்பெனிகள் அங்கும் ஆலை போட்டன. 2013இல் விப்ரோ கம்ப்யூட்டர் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. ஹெச்சிஎல்லும் ஏறக்குறைய அதே காலத்தில் ஒதுங்கியது. என்னோடு ஸ்குரூ போட்டவர்களில் சிலர் செல்போன் சர்வீசுக்குப் போனார்கள், சிலர் சிசிடிவி மாட்டுகிறார்கள், இருவர் கத்தாரில்.

2011இன் கடைசி மூன்று மாதத்தை மட்டும் தனியாக நினைவில் வைத்திருக்கிறேன். அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. விலை இரண்டு மடங்கானது. டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் எங்கள் ஊரை ஒட்டியே வந்தது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நனைந்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நனைந்தது என்றால் உடனே பவர் போடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். போர்டை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் தடவி, நான்கைந்து நாள் நிழலில் காயவைத்ததில் பாதிக்கு மேல் பிழைத்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் மூழ்கியபோதும் அதே வேலைதான். வெள்ளம் வரும் பகுதி என்றால் கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். மேசை மேல் வையுங்கள்.

பிறகு வந்த வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2014இல் ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தது. வெறும் 60 வாட், தனி பவர் ஒயர் வேண்டாம். ஆபீசில் ஏலம் விட்ட பழைய கம்பெனிப் பெட்டிகளில் அதைச் செருகிக் கேமிங் கம்ப்யூட்டர் ஆக்கினோம். அவற்றில் சிலவற்றின் பின்புறம் 'மேட் இன் பாண்டிச்சேரி' ஸ்டிக்கர் இருந்தது. என் ஷிஃப்ட்டில் போட்ட ஸ்குரூவாகவும் இருக்கலாம். 2017இல் பென்டியம் ஜி4560, அடுத்த வருடம் ரைசன் 3 2200ஜி. கிராபிக்ஸ் கார்டே வாங்காமல் ஒரு மாணவன் கேம் ஆடலாம் என்று முதல் முறை தைரியமாகச் சொன்னது அந்த 2200ஜி வந்தபோதுதான். அந்த நேரத்திலேயே கிரிப்டோ சுரங்கக்காரர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள்; 2021இல் மறுபடியும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு அந்தக் கார்டுகள் சந்தைக்குத் திரும்பி வந்தன. பழைய கார்டு வாங்குவதில் தப்பில்லை. முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஃபேனை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் கசிந்த கறை இருந்தால் விட்டுவிடுங்கள்.

சின்ன எழுத்து மட்டும் மாறவில்லை. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்றது; மெமரி டிடிஆர்4 என்றால் ஜிடிடிஆர்5இல் பாதி வேகம்கூடத் தேறாத கேம்கள் உண்டு. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி என்றால் மெமரி மட்டும் குறைவு என்று நினைத்தார்கள்; உள்ளே கோர்களும் குறைவு. அரியாங்குப்பத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் ஆன்லைனில் வாங்கிய பாகங்களோடு வந்தார்கள். ஐ3 12100எஃப் பிராசசர். கார்டு அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். கடைசியில் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒரு புள்ளிகூட வராது. அந்தப் பெண் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் சேர்த்த பணம். என்னிடம் இருந்த பழைய 750 டிஐயை மாட்டிக்கொடுத்தேன். கார்டு வாங்கும்போது திருப்பித் தா என்றேன். எட்டு மாதத்தில் கொண்டுவந்து தந்தாள்.

பதினாறாவது புத்தகத்தில் அண்மையில் எழுதிய ஒரு சீட்டு, வில்லியனூர் தம்பிக்கு. ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றம் அதில் தெரிகிறது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி செய்வதில் கம்பெனிகள் திரும்பியதால், 16 ஜிபி ரேம் சில மாதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. தம்பி கண்ணாடிக் கதவு கேபினெட்டும் கலர் லைட் ஃபேனும் கேட்டிருந்தான். இரண்டையும் அடித்துவிட்டு, அந்தப் பணத்தில் 8 ஜிபி ரேமைப் 16 ஆக்கினேன். வீட்டில் இருக்கும் டிவியையே இப்போதைக்கு மானிட்டராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வரிசை இப்படி: 550 வாட் எஸ்எம்பிஎஸ், பழைய ஆர்எக்ஸ் 6600 கார்டு, ரைசன் 5 5600, நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு, 16 ஜிபி, எஸ்எஸ்டி. கடைசி வரியில் கேபினெட். "அண்ணா, எல்லாரும் பிராசசர்தானே மொதல்ல எழுதுவாங்க?" என்று கேட்டான். 2008 புத்தகத்தை எடுத்து அந்த 168 கணக்கைக் காட்டினேன்.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க முடிந்துவிடவில்லை. லெனோவோ தன் புதுச்சேரி ஆலையில் வருடத்துக்கு 50,000 ஏஐ சர்வர்கள் செய்யப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ரேம் விலையை ஏற்றும் அதே வகைச் சர்வர்கள். அந்த லைனில் நிற்கும் பிள்ளைகளில் யாராவது சனிக்கிழமை மாலை தன் சொந்தப் பெட்டிக்காக என் கடைக்கு வந்தால், அவர்களுக்கு உழைப்புக் கூலி வாங்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள். செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கட்டில் இருக்கிறது, பல்லக்கு இருக்கிறது, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி இருக்கிறது. இந்த ஊரில் செய்த ஒரு கம்ப்யூட்டரை நான் அங்கே பார்த்ததில்லை. ஆரெலெக் பெட்டியோ, 'மேட் இன் பாண்டிச்சேரி' ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ஹெச்சிஎல், விப்ரோ பெட்டியோ உங்கள் பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, என்னால் ஓட வைக்க முடியும். மூன்று பெட்டி ஏற்கெனவே சேர்த்துவிட்டேன். பதினாறு புத்தகங்களையும் அவற்றோடு சேர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன்.